ரேஞ்சுக்கு முதல் கைத்துப்பாக்கி: .22-ஆ, 9 மி.மீ.-ஆ, ரிவால்வரா, காற்று பிஸ்டலா?

லைசென்ஸ், அடிப்படைப் பயிற்சி எல்லாம் முடிந்து, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற கட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சுழலும் சிலிண்டரில் தோட்டா வைக்கும் ரிவால்வர் ஒருநாளும் ஏமாற்றாது என்பார் ஒருவர். 9 மி.மீ. தவிர வேறு எதையும் யோசிக்காதே என்பார் இன்னொருவர். .22-இல் ஆரம்பி என்பார் மூன்றாமவர் (இந்த எண்கள் தோட்டாவின் அளவைச் சொல்பவை, .22 என்பது அங்குலக் கணக்கு). எழுதிக் கேட்கிற வாசகர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது: "இதில் எது அதிகம் நம்பகமானது?"

சிக்கல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கைத்துப்பாக்கியின் நம்பகத்தன்மை பற்றிப் புழங்கும் பேச்சில் பெரும்பகுதி ராணுவத் தேவையிலிருந்தும் போலீஸ் தேவையிலிருந்தும் வந்தது. அங்கே ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் உயிர் போகலாம். ரேஞ்சில் அப்படியில்லை. குழலைக் குறியை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்து, அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அடுத்ததைச் சுடலாம். பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு வேண்டியது வேறு வகை நம்பகத்தன்மை: தடங்கல் வந்தால் அது ஏன் வந்தது என்று நமக்கே புரிய வேண்டும், சரிசெய்ய ஆள் தேடி அலையக் கூடாது, தடங்கலே ஆபத்தாக மாறக் கூடாது. இப்படிப் பார்த்தால் வழக்கமான வரிசை தலைகீழாகிவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். எவ்வளவு அடிக்கடி தடங்கல் வரும், அதை யார் சரிசெய்ய முடியும்? சுட்டு முடித்ததும் சுத்தம் செய்ய எவ்வளவு வேலை? ஒவ்வொரு முறை ட்ரிகரை இழுக்கும்போதும் என்ன செலவு? வாங்கும்போது கண்ணில் படாத செலவுகள் எவை? கடைசியாக, அது உங்களை எவ்வளவு வேகமாக நல்ல ஷூட்டர் ஆக்கும்?

துப்பாக்கியின் விலையை வேண்டுமென்றேதான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தொடர்ந்து சுடுகிறவருக்கு, துப்பாக்கிக்குக் கொடுத்ததை விடத் தோட்டாவுக்குக் கொடுப்பது சீக்கிரமே அதிகமாகிவிடும்.

| | .22 பிஸ்டல் | 9 மி.மீ. பிஸ்டல் | ரிவால்வர் (.38 / .357) | காற்று பிஸ்டல் |
|---|---|---|---|---|
| தடங்கல் | அடிக்கடி, சிறியவை | அரிது | மிக அரிது | ஏறக்குறைய இல்லை |
| யார் சரிசெய்யலாம் | நீங்களே | பெரும்பாலும் நீங்களே | பெரும்பாலும் நிபுணர் | சீல் (காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம்) போனால் நிபுணர் |
| சுத்தம் செய்யும் வேலை | அதிகம் | மிதம் | நேரம் பிடிக்கும் | மிகக் குறைவு |
| ஒரு சுடுதலின் செலவு | குறைவு | பல மடங்கு | 9 மி.மீ.-ஐ விடவும் கூடுதல் | மிகக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | தோட்டா வகை தேடுவது | மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு), ஸ்பிரிங், தோட்டா | பழுது வேலை, ஸ்பீடுலோடர் (எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் தோட்டா நிரப்பும் கருவி) | காற்றுச் சிலிண்டர், நிரப்பும் வசதி |
| கற்றுக்கொள்வது | மிக நல்லது | உதை பழகிய பின் நல்லது | ட்ரிகர் பயிற்சிக்கு அருமை | மிக நல்லது |

## .22 பிஸ்டல்

நான்கில் அதிகம் தடுமாறுவது இதுதான். அதற்குக் காரணம் துப்பாக்கி அல்ல, தோட்டா. .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது. இதற்கு நடுவில் தனி பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடையாது. பற்றவைக்கும் கலவையை ஈரமாக உள்ளே வைத்துச் சுழற்றி, அடி விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். விளிம்பில் எங்காவது கலவை சரியாகப் பரவவில்லை, ஊசி அந்த இடத்தில்தான் அடிக்கிறது என்றால் 'க்ளிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அதோடு, பெரும்பாலான .22 குண்டுகள் மெழுகு பூசிய வெறும் ஈயம். மெழுகும் கரியும் சேர்ந்து சேம்பரில் (தோட்டா வந்து உட்காரும் அறை) பிசின் போலப் படியும். நூறு, இருநூறு சுட்ட பிறகு தோட்டா முழுமையாக உள்ளே போகாமல் மக்கர் செய்ய ஆரம்பித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் படிவைத்தான்.

இன்னொரு குணம், தோட்டா விஷயத்தில் இது காட்டும் பிடிவாதம். குறிபார்த்துச் சுடும் போட்டி பிஸ்டல்கள் பல, ஒலியின் வேகத்தைத் தாண்டாத சாதாரண வேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. மற்ற பல பிஸ்டல்களின் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி), அதிவேகத் தோட்டா இருந்தால்தான் முழுதாகப் பின்னால் வரும். அதனால் வாங்கியதும் ஒரே வகையைப் பெட்டி பெட்டியாக அடுக்காதீர்கள். நாலைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எது தடையில்லாமல் ஓடுகிறதோ, எதன் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அதில் நின்றுவிடுங்கள்.

சரி, இவ்வளவு தடுமாறுவதை ஏன் முதல் துப்பாக்கியாகச் சொல்கிறேன்? புதியவர்களின் முதல் எதிரி உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே துள்ளுவது. தோட்டா வெடிக்கும்போது அந்தத் துள்ளல் சத்தத்திலும் உதையிலும் மறைந்துவிடும். வெடிக்காத தோட்டா அதை அப்படியே காட்டிக்கொடுக்கும்: 'க்ளிக்' கேட்கும், குழல் முனை கீழே இறங்கும், உங்கள் கண் அதைப் பார்க்கும். சுமார் 2.6 கிராம் குண்டின் உதை அவ்வளவு லேசானது என்பதால் இந்தக் கெட்ட பழக்கம் வேர்விடுவதற்கு முன்பே களைந்துவிடலாம். .22-இன் தடங்கலுக்கு இப்படி ஒரு பயனும் இருக்கிறது. அதோடு பெரும்பாலான தடங்கல்களை ஒரு பிரஷ்ஷும் வேறொரு பெட்டித் தோட்டாவும் தீர்த்துவிடும். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் இதே .22-இல்தான் நடக்கின்றன, ஆகவே இதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

வாங்கும்போது கழற்றிப் பூட்டும் முறையைக் கட்டாயம் பாருங்கள். ரூகர் நிறுவனம் 1949-இல் தன் முதல் .22 பிஸ்டலைக் கொண்டுவந்தது. அந்த வரிசை துல்லியத்துக்குப் பெயர் பெற்றது, கழற்றினால் திரும்பப் பூட்டுவது தலைவலி என்பதற்கும் அதே அளவு பெயர் பெற்றது. 2016-இல் வந்த மார்க் 4-இல்தான் ஒரே பொத்தானை அழுத்தித் திறக்கும் வசதி கிடைத்தது. பூட்டச் சிரமமான துப்பாக்கியை மனிதர்கள் சுத்தம் செய்யாமலே விட்டுவிடுவார்கள், .22-ஓ சுத்தம் கேட்கும் துப்பாக்கி.

ஒரு எச்சரிக்கை. தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவதைப் பல .22-கள் தாங்காது. ஊசி நேராகச் சேம்பரின் விளிம்பில் அடித்துப் பள்ளம் போட்டுவிடும். கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் .22-க்கான போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள்.

## 9 மி.மீ. பிஸ்டல்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோர்க் லூகர் உருவாக்கிய தோட்டா இது. க்ளாக் 17, பெரெட்டா 92, சி.இசட். 75, சிக் பி226 என்று ராணுவமும் போலீஸும் பல பத்தாண்டுகள் சோதித்துப் பார்த்த துப்பாக்கிகள் இதைச் சுற்றியே வளர்ந்தன. நல்ல நிலையிலுள்ள ஒரு 9 மி.மீ. பிஸ்டலும் தொழிற்சாலைத் தோட்டாவும் சேர்ந்தால் தடங்கல் அபூர்வம்தான்.

தடங்கல் வந்தாலும் துப்பாக்கியை உடனே குறை சொல்லாதீர்கள். முதலில் மேகசினைப் பாருங்கள். அதன் உதடுகள் கீழே விழுந்து லேசாக வளைந்திருக்கலாம், உள்ளே மணலும் கரியும் சேர்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு மேகசினிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு எண் எழுதிவையுங்கள். தடங்கல் எப்போதும் 3-ஆம் எண்ணிலேயே வருகிறது என்றால் விஷயம் முடிந்தது, அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம் அல்லது ஸ்பிரிங் மாற்றலாம். நிரப்பி வைத்தாலே ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதைத் தேய்ப்பது முக்கியமாக அழுந்தி விரியும் சுழற்சிதான், சும்மா அழுந்தி இருப்பது அல்ல. மேகசினின் உட்புறத்துக்கு எண்ணெய் போடாதீர்கள், துடைத்தால் போதும். எண்ணெயில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும், பிரைமருக்குள் கசிந்தால் தோட்டாவும் செத்துப்போகும்.

இரண்டாவது சந்தேகம் கை. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் உதையில் துப்பாக்கி முழுவதும் பின்னால் போகும், ஸ்லைடு பின்வரத் தேவையான எதிர்ப்பு கிடைக்காது. காலி உறை வெளியேறும் வாயிலிலேயே புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். எடை குறைந்த பிஸ்டல்களில் இது கூடுதலாக நடக்கும். மூன்றாவதுதான் ஸ்லைடின் ஸ்பிரிங். சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தேய்மானப் பொருள் அது, மாடலுக்கு மாடல் கணக்கு மாறும், உங்கள் கையேடு சொல்வதே கணக்கு.

பராமரிப்பு எளிது, ஆனால் அதில் ஒரு கூர்மையான இடம் உண்டு. க்ளாக்கையும் அதே பாணியிலுள்ள சில பிஸ்டல்களையும் பிரிக்க வேண்டுமானால் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். சேம்பரில் ஒரு தோட்டா மறந்து நின்றிருந்தால் அந்த நொடியில் வெடிக்கும். பெரெட்டா 92, சிக் பி226, சி.இசட். 75 ஆகியவற்றைப் பிரிக்க ட்ரிகரைத் தொட வேண்டியதில்லை. பிரிப்பதற்கு முன் மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, கண்ணாலும் விரலாலும் சேம்பரைப் பார்ப்பது எந்தப் பிஸ்டலுக்கும் பொது விதி. வீட்டில் கவனம் சிதறும் என்று தெரிந்தவர்கள் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு பழக்கத்தை இங்கே தடுத்தாக வேண்டும். தடங்கல் வந்தவுடன் மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று கற்றுக்கொடுப்பார்கள். அது ராணுவத்துக்கும் போலீஸுக்கும் வேண்டிய பழக்கம். மருந்து குறைவான தோட்டா ஒன்று 'டப்' என்று மந்தமாகச் சத்தமிட்டுக் குண்டைக் குழலின் நடுவிலேயே விட்டுவிடக்கூடும். அப்போதும் ஸ்லைடு இயங்கியிருக்காது. யோசிக்காமல் தட்டி இழுத்து அடுத்ததைச் சுட்டால், அந்தக் குண்டின் பின்னால் போய் இது மோதும். குழல் வீங்கலாம், வெடிக்கலாம், கையையும் கண்ணையும் பதம் பார்க்கலாம். சத்தமோ உதையோ வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தோட்டாக்களை வெளியே எடுத்து, பிரித்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

மறைந்த செலவு பெரும்பாலும் தோட்டாவில் இருக்கிறது. .22-இல் ஒரு நாள் முழுக்கச் சுடும் பணத்தில் 9 மி.மீ.-இல் கொஞ்ச நேரம்தான் சுட முடியும். இதனால் நடப்பது என்னவென்றால், 9 மி.மீ. வாங்கியவர் சிக்கனமாகச் சுடுகிறார், சிக்கனமாகச் சுடுபவர் மெதுவாக முன்னேறுகிறார். குறுகிய தூரத்தில் வேகமாகச் சுடும் செயல்முறைப் போட்டிகளுக்குப் போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் நேரே 9 மி.மீ.-க்கு வந்துவிடலாம். அங்கே உதையைக் கட்டுப்படுத்துவதே ஒரு திறமை, அதை .22 கற்றுத்தராது.

## ரிவால்வர்

"வெடிக்கவில்லையா, மறுபடி இழு, அடுத்த தோட்டா வந்துவிடும்." ரிவால்வரைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ரேஞ்சில் செய்யக் கூடாததும் இதுதான். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். நீங்கள் உடனே இழுத்துச் சிலிண்டரைச் சுழற்றிவிட்டால், அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத அறையில் இருந்து வெடிக்கும். பிஸ்டலில் போலவே இங்கேயும் அரை நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். அதாவது ரிவால்வரின் புகழ்பெற்ற அனுகூலம் பொழுதுபோக்கு ஷூட்டருக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் தருவதில்லை.

பழுதுபடாது என்பதும் பாதி உண்மைதான். பழுதுபடுவது குறைவு, பட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். காலி உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் நாலு சேர்ந்தாலே சிலிண்டர் மூடாது. லேசான துப்பாக்கியில் வலுவான தோட்டாவைச் சுட்டால், உதையில் மற்ற தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னால் நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். தள்ளு கம்பி தளர்ந்து நீண்டாலும் அதே கதி. சிலிண்டர் குழலுக்கு நேராக வந்து நிற்கும் ஒழுங்கு பிசகினால் அது நிபுணர் கைவேலை. பக்கத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதன் நல்ல பக்கத்தையும் மனதாரச் சொல்கிறேன். டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் (சுத்தியலைப் பின்னால் கொண்டுபோவதும் விடுவதும் ஒரே இழுப்பில்) நாலரையிலிருந்து ஐந்தரை கிலோ வரை இழுவை கேட்கும். குறி அசையாமல் அதை முழுத் தூரமும் இழுக்கப் பழகியவருக்கு வேறு எந்த ட்ரிகரும் எளிதாகிவிடும். மேகசின் என்ற தொல்லையே இல்லை. காலி உறைகள் கையில் அழகாக வந்து விழும், தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவருக்கு அது பெரிய லாபம். .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினால் .38 ஸ்பெஷலையும் அதிலேயே சுடலாம். .357-இன் உறை சுமார் 3 மி.மீ. நீளம் அதிகம், அதனால் .38 துப்பாக்கியில் .357-ஐச் சுட வழியில்லை. ஆனால் .38-ஐ நிறையச் சுட்டால் அறைகளின் முன்பகுதியில் ஒரு கரி வளையம் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் இறுக்கிக்கொள்ளும். ஆறு அறை, குழல், நட்சத்திரத் தகடு, சிலிண்டரின் முகம் என்று சுத்தம் செய்யும் நேரமும் இப்படித்தான் நீள்கிறது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியிலிருந்து கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பிடித்துப் பழகிய கை, கட்டைவிரலை முன்னால் நீட்டும். ரிவால்வரில் அது விரலைக் கிழித்துவிடும்.

பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள், அது காலி என்று உறுதி செய்தபின் சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பிறகு சுத்தியலை மெதுவாக இழுத்து ஒவ்வொரு அறையும் முழுதாக வந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள். சினிமாவில் போல மணிக்கட்டைச் சொடுக்கிச் சிலிண்டரை மூடியவரிடமிருந்து வந்ததாக இருந்தால், சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்திருக்கும்.

## காற்று பிஸ்டல்

பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது நியாயமில்லை. 10 மீட்டர் காற்று பிஸ்டல் 1988 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 4.5 மி.மீ. பெல்லட் (சிறு குண்டு), 11.5 மி.மீ. அகலமே உள்ள பத்துப் புள்ளி வட்டம், 500 கிராம் இழுவை கேட்கும் ட்ரிகர். உதை இல்லை, வெடிமருந்து இல்லை, கரி இல்லை. பல போட்டி மாடல்களில் பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதியும் உண்டு.

செலவு ஒளிந்திருப்பது காற்றில். அழுத்தக் காற்று மாடல்களின் சிலிண்டர் சுமார் 200 பார் அழுத்தம் தாங்குவது. அதை நிரப்பப் பெரிய டேங்கோ பம்போ வேண்டும். சிலிண்டருக்குக் காலாவதித் தேதியும் உண்டு, சர்வதேச ஷூட்டிங் விதிப்படி அதிகபட்சம் 10 வருடம். பழைய பிஸ்டலை மலிவாக வாங்கினால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். ஓ-ரிங் காய்ந்தால் கசியும். அதற்கு சிலிகான் கிரீஸ்தான், சாதாரண எண்ணெய் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறையும் கையால் ஒரே இழுப்பில் அழுத்தும் மாடல் நல்லது, சீல் ஒன்றைத் தவிர அதில் கெட்டுப்போக அதிகமில்லை. கார்பன் டை ஆக்சைடு மாடல்களில் குளிரிலும் வேகமாகச் சுடும்போதும் அழுத்தம் இறங்கும், துளைகளும் கீழே இறங்கும்.

## எதை வாங்கினாலும் வேண்டியவை

காது முதலில். திடீர் வெடிச்சத்தத்துக்கு 140 டெசிபல் என்பது ஆபத்தின் எல்லையாகச் சொல்லப்படுகிறது. 9 மி.மீ.-உம் ரிவால்வரும் அதைத் தாராளமாகத் தாண்டும், .22 பிஸ்டலும் தாண்டும். மூடிய ரேஞ்சில் காதுக்குள் வைக்கும் அடைப்பானையும் அதன்மேல் கவசத்தையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டின் டெசிபல் எண்களையும் அப்படியே கூட்டிக்கொள்ள முடியாது, கூடுதலாக 5 டெசிபல் அளவுதான் கிடைக்கும், இருந்தாலும் அந்த 5 தேவை. கேட்கும் திறன் போனால் திரும்பாது. கண்ணாடி காற்று பிஸ்டலுக்கும் கட்டாயம்.

சுத்தம் செய்ய அளவுக்கேற்ற வெண்கலப் பிரஷ், துணித்துண்டு, கரைப்பான், துப்பாக்கி எண்ணெய் போதும். முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்து தேய்த்தால் குழல் முனை தேயாது. எண்ணெய் சில சொட்டுகள், ஸ்லைடு உரசும் இடங்களில் மட்டும். டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டும், நீண்டநாள் மசகுக்கு ஆகாது. அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பானை நிக்கல் பூச்சில் படவிடாதீர்கள். பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டா கிடைத்தால் கவனம்: அதன் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, சுடுநீர் ஊற்றிக் கழுவித் துடைத்த பிறகே எண்ணெய் போட வேண்டும்.

சுட்டதும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையைக் கழுவுங்கள், அதற்கு முன் எதுவும் சாப்பிடாதீர்கள். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த உடுப்போடு அவர்களைத் தூக்காதீர்கள். துப்பாக்கியைத் தோல் உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ நீண்டநாள் விட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பூட்டிய அலமாரியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், தோட்டாவைத் தனியே வையுங்கள்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி), விலையுயர்ந்த பை, ட்ரிகர் மாற்றம் இவையெல்லாம் முதல் வருடத்தில் வேண்டாம். குறிப்பாக ட்ரிகர் ஸ்பிரிங்கை லேசாக்குவது. ஊசியின் அடி பலவீனமாகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கி தோட்டா வெடிக்காத துப்பாக்கியாக மாறுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

## யாருக்கு எது

ரேஞ்ச் தூரம், போய்வர நேரம் கிடைப்பது அரிது, ஆனால் சட்டமும் இடமும் வீட்டுப் பயிற்சிக்கு ஒத்துவரும் என்றால் காற்று பிஸ்டல். மாதத்துக்குச் சில முறை ரேஞ்சுக்குப் போவேன், துல்லியம்தான் ஆசை என்றால் .22. செயல்முறைப் போட்டியே குறி, தோட்டாச் செலவு பொருட்டில்லை என்றால் 9 மி.மீ. தோட்டாவைத் தானே நிரப்புகிறவர், நிதானமாகச் சுட விரும்புகிறவர், பக்கத்தில் நல்ல துப்பாக்கி நிபுணர் இருக்கிறவர் ரிவால்வரை எடுத்தால் வருந்தமாட்டார்.

.22-க்கும் 9 மி.மீ.-க்கும் நடுவில் ஊசலாடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சில 9 மி.மீ. பிஸ்டல்களின் அடிச்சட்டகத்தில் .22 ஸ்லைடும் குழலும் மாட்டிச் சுடலாம், சி.இசட். 75-க்கான கேடட் கிட் அந்த வகைதான். ட்ரிகரும் பிடியும் ஒன்றாகவே இருப்பதால் கை குழம்பாது. ஆனால் கிட்டும் .22 போலவே தோட்டா விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும், அதற்குத் தனி மேகசின்கள் வேண்டும். சட்டம் அதைத் தனித் துப்பாக்கியாகக் கணக்கிடுகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும், பணம் கட்டும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.